மாற்றிப் பாடச் சொன்ன கவிஞர்



நவராத்திரி நாளில் எங்கள் ஆதம்பாக்கத்தில் எந்த வீட்டுக் கொலுவுக்குப் போனாலும், "ஒரு பாட்டுப் பாடேன்டி கண்ணு" என்றதும் குழந்தைகள் எடுப்பது பெரும்பாலும் 'சின்னஞ்சிறு கிளியே'தான். சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும் பாட்டியும் இரண்டாவது அடியில் சேர்ந்துகொள்வார். இருவர் வாயிலும் வருவது எம்.எல். வசந்தகுமாரி பாடிய மெட்டு.

பாரதியார் போட்ட மெட்டு வேறு. 1917-ல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த 'கண்ணன் பாட்டு' நூலில் இது பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடிய பாட்டு. ராகம் பைரவி, தாளம் ரூபகம். ஸ்வரங்களையும் பாரதி கொடுத்திருக்கிறார். ஷட்ஜத்தில் நின்று, பஞ்சமத்துக்குத் தாவி, மெல்ல ஷட்ஜத்துக்கே இறங்கும் மெட்டு. அதோடு ஒரு குறிப்பு: இதை ஆதாரமாக வைத்துக்கொண்டு, பாடுகிறவர் தம் மனோபாவப்படி மாற்றிப் பாடலாம். தன் மெட்டின் மேல் இத்தனை தாராளம் காட்டிய கவிஞரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால், அவர் காலத்துக்குப் பின் அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியாரிடம் இருந்தது. கடைசியாக அதை வாங்கி வைத்திருந்தவர் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியார். 1949-ல் அரசு கேட்டபோது பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார்.

இரண்டே ஆண்டில், 1951-ல், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' படம் வந்தது. இசை சி.ஆர். சுப்பராமன். அதில் இந்தப் பாட்டைக் காபியில் தொடங்கும் ராகமாலிகையாக எம்.எல்.வி.யும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். போகப் போக ராகம் மாறும். எம்.எல்.வி. பிறகு கச்சேரி மேடைக்கும் அதைக் கொண்டுபோனார். ரசிகர்கள் சீட்டு எழுதிக் கேட்டார்கள்.

1987-ல் 'நீதிக்குத் தண்டனை' படத்துக்காக எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் இதே பாட்டைப் பாடித்தான் ஸ்வர்ணலதா என்ற சிறுமி திரையுலகுக்கு வந்தார். கூடப் பாடியவர் ஜேசுதாஸ். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்குப் பெயர் கிடைத்ததும் இதிலிருந்துதான்.

இத்தனை குரல்களில் கேட்டும், பாரதியின் பைரவி நம் காதில் அதிகம் விழவில்லையே என்பது என் குறை. பாட்டு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'கண்ணன் பாட்டு' நூலில் அந்த ஸ்வர வரிசை அச்சாகியே இருக்கிறது. வரும் நவராத்திரிக்குள் ஒரு பிள்ளைக்காவது அதையும் சொல்லிக்கொடுங்கள்.