பிடித்த கை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதை என்னைவிட நன்றாகப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பழகி வருவது ஒன்றே ஒன்று. எதிரில் நிற்பவரின் மணிக்கட்டைப் பிடித்து, பலம் போடாமல், அவரைத் தரையில் உட்கார வைப்பது. ஜப்பானியக் கலையாகிய ஐக்கிடோவில் இது ஒரு பகுதி. எனக்குத் தெரிந்ததையே பேசுகிறேன். இதை மலரில் படிக்கப் போகும் நீங்களும் பொறுத்தருள வேண்டும். கையைப் பிடித்துக் காட்ட வேண்டியதை எழுத்தில் காட்டுவது கொஞ்சம் சிரமம்தான்.

இந்தக் கலையை உருவாக்கியவர் மொரிஹெய் உயேஷிபா. 1883-இல் தனபே என்னும் கடலோர ஊரில் பிறந்தவர். உயரம் ஐந்தடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இளமையில் உடம்பை முறுக்கேற்றிப் பெரிய பலசாலியாக இருந்தவர். 1915-இல் வடக்கே ஹொக்கைடோ தீவில் எங்கரு என்ற ஊரின் சத்திரம் ஒன்றில் தக்கேடா சொக்காக்கு என்ற ஆசானைச் சந்தித்தார். தக்கேடா இவரைவிடவும் குள்ளம். அந்தக் குள்ள மனிதரிடம் இந்தப் பலசாலியின் பலம் எடுபடவில்லை! அவரிடமே மாணவராகச் சேர்ந்து கற்றதைப் பின்னாளில் மாற்றி அமைத்ததுதான் ஐக்கிடோ. 1930-இல் ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ இவர் வித்தையை நேரில் பார்த்துவிட்டுத் தம் சொந்த மாணவர்களையே இவரிடம் கற்க அனுப்பினார். எந்த ஆசான் அப்படிச் செய்வார், சொல்லுங்கள்? உயேஷிபா 1969-இல் காலமானார்.

இப்போது எல்லாரும் வலக்கையை மடக்கி, முழங்கையை விலாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை வானம் பார்க்கும்படி திருப்புங்கள். சரி, இன்னும் அதே பக்கமாகத் திருப்பப் பாருங்கள். முடியவில்லை அல்லவா? விடாமல் திருப்பினால் என்ன ஆகிறது? முழங்கை உள்ளே போகிறது, தோள் சாய்கிறது, இடுப்பும் சேர்ந்து வளைகிறது. நம் முன்கையில் இரண்டு எலும்புகள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். திருப்புவதற்கு அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் மிச்சத் திருப்பத்தை உடம்புதான் வாங்கிக்கொள்ள வேண்டும். 'கோத்தே காயேஷி' என்ற பிடியின் சூட்சுமம் இதுவே. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

பலம் போட்டால் ஏன் நடப்பதில்லை? நான் உங்கள் கையை இறுக்கிப் பிடித்த உடனே உங்கள் கை விறைத்துக்கொள்கிறது. நீங்கள் எண்ணிச் செய்வதில்லை, அது தானாக நடக்கிறது. பிறகு என் பலமும் உங்கள் பலமும் மோதும். பெரிய ஆள் ஜெயிப்பான். அதோடு, இறுக்கிப் பிடிப்பவனுக்குத் தோள் தூக்கிக்கொள்ளும், முழங்கை உடம்பை விட்டு விலகும். கையில் மட்டும் பலம் இருக்கும், கால் சும்மா நிற்கும். சரியாகச் செய்பவர் பிடித்த கையைத் தம் தொப்புளுக்கு நேரே வைத்துக்கொள்வார். சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் பிடித்திருக்கும், மற்ற விரல்கள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். திருப்புவது கையல்ல, அவர் ஓர் அடி பின்வாங்கி இடுப்பைத் திருப்புகிறார், கை கூடவே போகிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. கற்றுக்கொள்ள ஆன காலத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். 1979-இல் எனக்குப் பதினைந்து வயது. இரண்டாம் படிவம், பிற்பகல் பள்ளி. புரூஸ் லீ இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் எங்கள் லயத்துப் பையன்கள் அவரைப் போலவே கத்திக்கொண்டு திரிந்த காலம். பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் சீன மாஸ்டர் ஒருவர் ஐக்கிடோ கற்றுக் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் போவேன். மாஸ்டர் மலாயில்தான் பேசுவார். 'ஜாஙான் பாக்கை தெனாகா', பலத்தைப் போடாதே என்று வாரம் பத்துத் தடவை சொல்வார். நானும் தலையாட்டிவிட்டுப் பலத்தைப் போடுவேன்.

வீட்டில் பாட்டிக்கு இது அறவே பிடிக்கவில்லை. 1943-இல் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவர் தம்பியும் ஒருவர். திரும்பி வரவில்லை. "சப்பான்காரன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனான். அந்தப் புடியையா காசு குடுத்துக் கத்துக்கிட்டு வர்றே?" என்று கேட்டார். அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

எங்கள் லயத்தில் மூன்றாம் வீட்டுப் பையன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அப்பா இல்லை. படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்துத் திடலில் பையன்கள் சூழ்ந்து நிற்க, "கையைக் குடுடா, ஒண்ணு காட்டுறேன்" என்றேன். நம்பிக் கொடுத்தான். திருப்பினேன். அவன் விறைத்துக்கொண்டான், நான் இன்னும் பலத்தைப் போட்டேன். "விடுடா, வலிக்குது" என்றான். வகுப்பில் எதிராளி ஒரு தட்டுத் தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும். அதுதான் முதல் நாள் முதல் பாடம். இங்கேயோ பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நொடி பிடித்தேன். ஒரே ஒரு நொடி.

மறுநாள் அவன் மணிக்கட்டு வீங்கி, உளியைப் பிடிக்க முடியவில்லை. பந்து விளையாடும்போது விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தான். மூன்று வாரம் அவன் பங்கு மரங்களையும் அவன் அம்மாவே வெட்டினார். நாள் கூலிக்காரர் வீட்டில் மூன்று வாரம் என்றால் என்னவென்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டாம் நாள் விடியலில் பிரட்டு முடிந்ததும் அந்தப் பெரியம்மா பின்னாலேயே போய், "மங்கு துடைக்கிறேன் பெரியம்மா" என்றேன். நடந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாளியைத் தூக்கிக்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, உளியை என் கையில் கொடுத்து ஒரு கிழட்டு மரத்தைக் காட்டினார். அடுத்த முறை மறுநடவுக்கு வெட்டிச் சாய்க்கப் போகிற மரம். இழுத்தேன். வெள்ளைக் கட்டையே தெரிந்தது.

"தோளைப் பாரு, காதுகிட்ட வந்து நிக்குது. மரத்தோட சண்டையா போடுறே? கையி சும்மா இருக்கட்டும். நீ நட, கையி வரும்."

பால்மரம் வெட்டுவதைப் பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இப்போது ஜொகூரில் எங்கு திரும்பினாலும் செம்பனைதானே! பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு கோடு. அதில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் சீவ வேண்டும். மேலோடு போனால் பால் வராது. ஆழமாகப் போனால் பட்டை வளரும் படலம் காயப்பட்டு, அந்த இடம் முண்டு முண்டாகி, பிறகு வெட்டவே முடியாது. பெரியம்மா மரத்தைச் சுற்றிக் காலை மாற்றி மாற்றி வைப்பார். உளி அவர் கூடவே போகும். சீவல் சுருண்டு விழும். மணிக்கட்டு திரும்புவதே தெரியாது. ஒரு விடியலில் சில நூறு மரங்களை வெட்டுகிறவர் ஒவ்வொன்றிலும் பலத்தைப் போட்டால் பத்தாவது மரத்தில் கை ஓய்ந்துவிடாதா?

அன்றுதான் மாஸ்டர் சொன்ன மலாய்ச் சொல் எனக்குத் தமிழில் புரிந்தது. சனிக்கிழமை வகுப்பில், என்னைவிட இருபது கிலோ கனமான ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மரத்தைச் சுற்றுவதுபோல் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவர் தரையில் இருந்தார். என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விட்டார். பாராட்டு வரும் என்று காத்திருந்தது நான் மட்டும்தான்! அடுத்த தடவை அதையே செய்து காட்ட நினைத்துப் பலத்தைப் போட்டேன். அவர் அசையவே இல்லை. அந்த ஒரு தடவை நடந்தது மறுபடி நடக்கப் பல மாதங்கள் ஆயின.

பெரியம்மா இப்போது இல்லை. லயத்தையும் இடித்துவிட்டார்கள். என் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் நான் எந்தப் பிடியும் சொல்லித் தருவதில்லை. விழுவதும், தட்டுவதும், தட்டினால் விடுவதும் மட்டும்தான். பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

அந்த நண்பனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூன்று வாரம் கழித்து அவன் மறுபடி உளியைத் தூக்கினான். அன்று மாலை அதே திடலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவனிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அவனாகவே வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, கட்டு அவிழ்த்த அதே வலக்கையை நீட்டினான்.

"எங்கம்மா உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களாமே? இப்ப செய், பாப்போம்."