மேட்டில் கிடைக்கும் நிமிடங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மெல்லக் கற்போரும் கணிதமும்’. அதற்குள் நான் மிதிவண்டிப் பந்தயத்தின் வழியாக வரப்போகிறேன். அதுவும் பெண்கள் ஓட்டும் பந்தயம். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் அல்லர், வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்காக ஓட்டுகிற அமெச்சூர் பெண்கள். பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டால், இது நம் வகுப்பறைக் கணக்குதான் என்பது தெரிந்துவிடும்.

மிதிவண்டிப் பந்தயம் என்றால் நம் மனதில் வருவது, நூறு பேர் ஒன்றாகக் கிளம்பி முண்டியடித்துப் போகும் காட்சி. இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேறொரு வகைப் போட்டி நடந்துவருகிறது. ‘டைம் ட்ரயல்’ என்று பெயர். இதில் ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும். ஒருவர் போன 1 நிமிடம் கழித்து அடுத்தவர். புறப்படும் இடத்தில் ஒருவர் பின்னாலிருந்து வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார். அதன் பிறகு அந்தப் பெண்ணும் சாலையும் கடிகாரமும் மட்டும்தான். முன்னால் போகிறவரை எட்டிப் பிடித்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி ஓட்டக் கூடாது. அது விதி.

போட்டியை நடத்துவது உள்ளூர் மிதிவண்டிச் சங்கம். நேரம் குறிப்பதும் திருப்பத்தில் நின்று வழிகாட்டுவதும் சம்பளம் வாங்காத உறுப்பினர்கள். முடிந்ததும் ஊர்ப் பொது மண்டபத்தில் தேநீர் கிடைக்கும், சுவரில் நேரப் பட்டியல் ஒட்டப்படும். முதலில் வந்தவர் நேரமும் கடைசியில் வந்தவர் நேரமும் அதே அளவு எழுத்தில், வினாடி வரைக்கும் இருக்கும். நாற்பதாவதாக வந்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஏனென்றால், தன்னுடைய முந்தைய நேரத்தைவிட 20 வினாடி குறைத்திருப்பார். அவர் வந்தது அதற்காகத்தான்.

சமதரைப் பாதையில் இந்தப் போட்டி ஓரளவு எளிய கணக்கு. ஒரே சீரான முயற்சியைக் கடைசி வரை காப்பாற்றினால் போதும். மேடும் பள்ளமுமான பாதையில்தான் கணக்கு சுவையாகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் கணக்கை உங்களுக்கும் கொடுக்கிறேன்.

10 கி.மீ. ஏற்றம், பிறகு அதே 10 கி.மீ. இறக்கம். ஏறும்போது வேகம் மணிக்கு 15 கி.மீ., இறங்கும்போது 45 கி.மீ. சராசரி வேகம் என்ன? பிள்ளைகள் உடனே 30 என்பார்கள். 15-ஐயும் 45-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார்கள். செய்து பார்ப்போம். ஏற 40 நிமிடம். இறங்க 13 நிமிடம் 20 வினாடி. மொத்தம் 53 நிமிடம் 20 வினாடி. 20 கி.மீ. தூரத்துக்கு இந்த நேரம் என்றால் சராசரி மணிக்கு 22.5 கி.மீ.தான்.

அடுத்த கேள்வி. ஏற்றத்தில் 15 என்பதை மாற்றாமல் மொத்தச் சராசரியை 30 ஆக்க வேண்டுமென்றால் இறக்கத்தில் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும்? 60 என்பார்கள், 90 என்பார்கள். 20 கி.மீ. தூரத்தை 30 கி.மீ. வேகத்தில் கடக்க ஆகும் நேரம் 40 நிமிடம். அந்த 40 நிமிடமும் ஏறுவதிலேயே தீர்ந்துவிட்டது. இனி இறங்குவதற்கு ஒரு வினாடிகூட மிச்சமில்லை. மேட்டில் போன நேரத்தைப் பள்ளத்தில் மீட்கவே முடியாது. இந்த இடத்தில் வகுப்பு ஒரு நொடி அமைதியாகிவிடும். கணித ஆசிரியருக்கு அந்த அமைதி பெரிய சம்பளம்.

மூன்றாவது கேள்விதான் இன்றைக்கு முக்கியமானது. ஓட்டுகிறவரால் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் மணிக்கு 2 கி.மீ. வேகத்தைக் கூட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். எங்கே கூட்டலாம்? இறக்கத்தில் 45-ஐ 47 ஆக்கினால் மிச்சமாவது 34 வினாடி. ஏற்றத்தில் 15-ஐ 17 ஆக்கினால் மிச்சமாவது 4 நிமிடம் 42 வினாடி. அதே 2 கி.மீ.தான். பலன் எட்டு மடங்குக்கு மேல்.

அறிவியல் ஆசிரியர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். வேகம் 3 மடங்கானால் காற்றின் தடை 9 மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் 27 மடங்காகும். இறக்கத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருப்பவர் மேலும் பெடலை மிதித்தால் அந்த உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். ஏற்றத்தில் கதை வேறு. 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் 15 கி.மீ. வேகத்தில் ஏறும் பெண், வண்டியும் தானுமாக 70 கிலோ என்றால், அந்த 70 கிலோவை ஒவ்வொரு வினாடியும் கால் மீட்டர் உயரம் தூக்குகிறார். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் மெதுவாகப் போகிறார். உண்மையில், பறந்து இறங்குகிறவரைவிட அவர்தான் அதிகம் உழைக்கிறார். அங்கே கூடுதலாகப் போடும் உழைப்பு காற்றில் கரையாது, அப்படியே உயரமாக மாறும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதலாக உழைத்து, இறக்கத்தில் குனிந்து உடலைச் சுருக்கி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். ஏற்றத்தின் முதல் 100 மீட்டரிலேயே மொத்தச் சக்தியையும் கொட்டிவிடவும் மாட்டார்கள். உச்சி வரை தாங்கும் அளவை அறிந்து மிதிப்பார்கள்.

இப்படி ஓட்டியவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் அன்னா கீசன்ஹோஃபர். ஆஸ்திரியாக்காரர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கணித ஆய்வும் கற்பித்தலும் அப்போது அவர் வேலையாக இருந்தன. எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது அவர் இல்லை. பயிற்சித் திட்டத்தையும் உணவுத் திட்டத்தையும் தானே கணக்கிட்டு வகுத்துக்கொண்டார். தன் நாட்டின் டைம் ட்ரயல் பட்டத்தை வென்றிருந்ததால் தனியாக ஓட்டிப் பழக்கம் இருந்தது. 2021 ஜூலை 25 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சாலைப் பந்தயம். 137 கி.மீ. தூரம், மலைப்பாதை. புறப்பட்டவுடனேயே வேறு சிலரோடு முன்னால் பிரிந்து போனார். இன்னும் சுமார் 41 கி.மீ. இருக்கும்போது, ககோசாகா கணவாய் ஏற்றத்தில் உடன் வந்தவர்களையும் விட்டுவிட்டுத் தனியானார். அங்கிருந்து அவருக்கு அது மேடும் பள்ளமுமான ஒரு டைம் ட்ரயல்தான். பின்னால் நெதர்லாந்தின் பெயர்பெற்ற வீராங்கனைகள் வந்துகொண்டிருந்தார்கள். 1 நிமிடம் 15 வினாடி கழித்து வந்த அன்னமீக் ஃபான் ஃப்ளோய்டன், முன்னால் ஒருவர் போய்விட்டதே தெரியாமல், தான்தான் முதலிடம் என்று கைகளை உயர்த்தினார். தங்கம் கணித ஆசிரியைக்கு. இதை நம் பெண் பிள்ளைகளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

இன்னொருவர் பெரில் பர்ட்டன். 1937இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர். அந்நாளில் அங்கே 11 வயதில் ஒரு தேர்வு வைத்து, எந்தப் பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று முடிவு செய்வார்கள். அந்தத் தேர்வில் பெரில் தேறவில்லை. வாதக் காய்ச்சல் வந்து 9 மாதம் மருத்துவமனையிலும் 15 மாதம் உடல் தேற்றும் இல்லத்திலும் இருந்தார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் குடும்பத்தையும் மகளையும் கவனித்துக்கொண்டு, ரூபார்ப் என்னும் தண்டுப் பயிர் விளையும் பண்ணையில் மண்வேலை செய்துகொண்டு, உலகப் பட்டங்களை வென்றார். பிரிட்டனின் சிறந்த டைம் ட்ரயல் வீராங்கனை என்ற பட்டம் 1959 முதல் தொடர்ந்து 25 ஆண்டுகள் அவரிடமே இருந்தது. 1967இல் 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல், அதாவது ஏறத்தாழ 446 கி.மீ. ஓட்டினார். அன்று ஆண்கள் பிரிவில் வென்றவர் ஓட்டிய தூரத்தைவிட அது அதிகம். வழியில் அவரைக் கடந்துபோகும்போது பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாராம்! பெண்களுக்கான அந்தச் சாதனை 2017 வரை நிலைத்திருந்தது. கடைசி வரை அவர் அமெச்சூர்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மிதிவண்டிப் போட்டியே 1984இல்தான் வந்தது. டைம் ட்ரயல் 1996இல் வந்தது. பெரிலின் நல்ல காலமெல்லாம் அதற்கு முன்பே போய்விட்டது.

11 வயதில் அவரைப் பார்த்து யாராவது ‘மெல்லக் கற்பவர்’ என்று பதிவேட்டில் எழுதியிருந்தால், அந்த நேரத்தில் அது பொய்யாக இருந்திருக்காது. அவர் அப்போது ஏற்றத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருகிறேன். 40 பேர் இருக்கும் வகுப்பில் நம்முடைய கூடுதல் அரை மணி நேரத்தை எங்கே போடுகிறோம்? பொதுத்தேர்வு நெருங்கினால் 90 எடுப்பவரை 95 ஆக்கவும், 95 எடுப்பவரைச் சதம் ஆக்கவும் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். தவறில்லை, அந்தப் பிள்ளைக்கும் நாம் ஆசிரியர்தான். ஆனால் அந்தப் பிள்ளை இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நாம் கொஞ்சம் ஒதுங்கி நின்றாலும் போய்ச் சேர்ந்துவிடும். கடன் வாங்கிக் கழித்தல் தெரியாமல் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை மேட்டில் நிற்கிறது. அங்கே போடும் அரை மணிதான் 4 நிமிடம் 42 வினாடி தரும் இடம்.

என் வகுப்பில் அப்படி ஒரு மாணவி இருக்கிறாள். காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறாள். மதிய உணவுக்கு முன் 15 நிமிடம் அவளோடும் இன்னும் நான்கு பேரோடும் உட்காருகிறேன். ஆறு வாரம் ஆயிற்று. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. கழித்தல் சரியாக வருகிறது. ஒத்த பின்னங்களைக் கூட்டுகிறாள். வேற்றுப் பின்னம் என்றால் இன்னும் தடுமாறுகிறாள். ஒரு சின்ன நோட்டில் தன் பழைய மதிப்பெண்ணையும் புதிய மதிப்பெண்ணையும் மட்டும் எழுதிவருகிறாள். போன வாரம் நோட்டை நீட்டி, “டீச்சர், 4 கூடியிருக்கு” என்றாள். வகுப்பில் அவள் எத்தனையாவது என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நண்பர்களே, மூன்று செய்திகளைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் நேரத்தோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்ள ஒரு நோட்டு. தொடக்கப் பள்ளியில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறார் என்று எழுதலாம். மேல் வகுப்பில் மதிப்பெண்ணை எழுதலாம்.

இரண்டாவது, பாதையைப் பார்த்துவிட்டு வேகத்தைப் பற்றிப் பேசுவது. ஒரு பிள்ளை ஏன் மெதுவாக இருக்கிறது என்று பேசும் முன், அதன் காலை எப்படித் தொடங்குகிறது என்று ஒருமுறை கேட்டறிவோம்.

மூன்றாவது, விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளாதிருப்பது. கணித ஆசிரியர் சொல்கிறேன் என்பதால் உடற்கல்வி ஆசிரியர் இதைக் குறித்துக்கொள்ளலாம். மேல்நிலை முதலாண்டில் விலையில்லா மிதிவண்டி நம் பெண் பிள்ளைகள் கைக்கு வருகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வருவதற்கு மட்டுமல்லாமல், மைதானத்தைச் சுற்றி ஒருவர் பின் ஒருவராக ஓட்டி, அவரவர் நேரத்தை அவரவர் குறித்துக்கொள்ளவும் அது உதவும். ஒரு நிறுத்துக் கடிகாரம் போதும். நேரம், தூரம், வேகம் அன்றைக்குப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேட்டில் உதவி என்றால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போவது அல்ல. டைம் ட்ரயலில் வண்டியைப் பிடித்திருப்பவர் புறப்படும் நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். தள்ளக் கூடாது. மிதிக்க வேண்டியவர் அந்தப் பெண்தான். விடையை நாமே பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்தெழுதச் சொல்வது தள்ளுவதாகும். அடுத்த வரியை அவள் எழுதும் வரை காத்திருப்பது பிடித்திருந்து கையை எடுப்பதாகும். அந்தக் காத்திருப்பு நமக்குக் கடினம், ஏனென்றால் பாடத்திட்டம் முடிய வேண்டும், பாடவேளை 40 நிமிடம்தான். இருந்தாலும் அந்த 40 நிமிடத்தில் சில நிமிடம் காத்திருக்க நம்மால் முடியும்.

நாளை காலை வகுப்புக்குப் போனதும் வருகைப் பதிவேட்டை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். யார் யார் ஏற்றத்தில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதில் ஐந்து பெயரை மட்டும் தனியாக எழுதிக்கொண்டு இந்த வாரத்தைத் தொடங்குங்கள்.