நீறு பூத்த பிறகு

சாம்பிராணி போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் உங்கள் வீட்டிலும் புகை எழும்பும். நான் பேச வந்தது ஒரு சென்ட் பாட்டிலைப் பற்றி.

கனகம்மாசத்திரத்தில், திருத்தணி போகிற சாலையில், எனக்கு நாட்டு மருந்துக்கடை. போன மாதம் அக்கா மகள் சென்னையிலிருந்து வந்தாள். கையில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில். பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை. யாரோ ஒரு பையன் வீட்டிலேயே கலந்து விற்கிறானாம். "மாமா, உங்க கடை வாசனையை ரெண்டாயிரம் ரூபாய் குடுத்து வாங்கியிருக்கேன்" என்றாள்.

அன்று கடைக்கு வந்தவர்கள் மணிக்கட்டில் எல்லாம் ஆளுக்கு ஒரு சொட்டு வைத்தேன். பூக்காரம்மா, "ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறின மாதிரி இருக்கு" என்றார். டீக்கடைக்காரர், "சாவு வீடுய்யா" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். நகரியிலிருந்து குங்கிலியம் வாங்க வருகிறவர், அவர் பாஷையில் குக்கிலம், நிதானமாக முகர்ந்துவிட்டு, "தார் ரோடு போடுறாங்க" என்றார். சுக்கு வாங்க வந்த ஒரு பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவனைப் பெத்து, தலைக்குத் தண்ணி ஊத்தின அன்னிக்கு" என்றார். அவ்வளவுதான்.

மல்லிகைக்கு எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள். புகைக்கு அப்படி இல்லை. புகை நம் மேல் எங்கே, எப்போது பட்டதோ, அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடும்.

எனக்குக் கோபம் அந்தப் பாட்டில் மேல் இல்லை, கம்ப்யூட்டர் சாம்பிராணி மேல். கப் மாதிரி அச்சில் வார்த்து, தீக்குச்சி கிழித்தால் தானே எரிகிறதே, அது. கரித்தூள், மரத்தூள், மேலுக்கு ஒரு வாசனை எண்ணெய். நானும் விற்கிறேன், கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் கல் சாம்பிராணியை வாசலில் நிறுத்திவிட்டு அதன் பெயரை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டோம்.

கல் சாம்பிராணி சுமத்ராவில் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கிற பிசின். அந்தத் தீவில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது. அங்கே 1088-ல் நம் ஐந்நூற்றுவர் வணிகர்கள் தமிழிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். நம் வியாபாரிகள் வாசனையைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். நாம் கப்போடு நின்றுவிட்டோம்.

சரி, நெருப்புக்கு வருகிறேன். எங்கள் கடைத்தெருவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாய் வருவார். ஒரு கையில் தூபக்கால், இன்னொரு கையில் மயில்தோகைக் கட்டு, தோளில் ஜோல்னாப் பை. கடை கடையாக ஏறிப் புகை காட்டுவார். கல்லாப்பெட்டி, தராசு, சாமி படம், கடைசியில் முதலாளி தலை. எனக்கு நினைவு தெரிந்து முப்பது வருஷமாக வருகிறார்.

அவர் சாம்பிராணி தூவுவதைப் பார்க்க வேண்டும். கொட்டாங்குச்சிக் கரி கனன்று செக்கச்செவேல் என்று இருக்கும்போது தூவவே மாட்டார். நிற்பார். நாம் அவசரப்பட்டால் சிரிப்பார். கரி மேல் வெள்ளையாக ஒரு படலம் படரும் பாருங்கள், நீறு பூப்பது, அதற்குப் பிறகுதான் பைக்குள் கை போகும். ஒரு சிட்டிகை. கல் உருகி, பால் போலப் பொங்கி, வெள்ளைப் புகை படர்ந்து வரும். அதில் ஒரு தித்திப்பு இருக்கும். ஐஸ்கிரீமில் போடுகிற வனிலாவின் வாசனைச் சத்து சாம்பிராணியிலும் கொஞ்சம் உண்டு. தணல் முரட்டுத்தனமாக இருந்தால் அந்தத் தித்திப்பு கருகிப் போகும். கசப்பும் கண்ணெரிச்சலும்தான் மிஞ்சும். நெருப்பு நீறு பூக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், நீறு பூக்க வேண்டும். நல்ல சரக்கு வாங்கி அவசர நெருப்பில் போட்டுவிட்டு, என்னிடம் வந்து சரக்கைக் குறை சொல்கிறவர்கள்தான் பாதிப் பேர்.

பாட்டிலுக்குள் புகை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்று அத்தர் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே சாம்பிராணியையும் குங்கிலியத்தையும் தண்ணீர் சேர்க்காமல் மண்பானையில் வாட்டி, வடிகிற கருப்பு எண்ணெயைப் பிடிக்கிறார்கள். சோயா என்று பெயர். மீல்மேக்கர் சோயா இல்லை. ஒரு துளி போதும், அறையே புகைந்த மாதிரி இருக்கும். அந்த சென்ட் கலந்த பையனும் அப்படி ஏதோ சேர்த்திருக்கிறான் என்பது என் ஊகம்.

போன வெள்ளி பாய் கையிலும் ஒரு சொட்டு வைத்தேன். தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டு, தெருப் பக்கம் திரும்பி நின்று முகர்ந்தார். "சரக்கு சுத்தம். கொஞ்சம் சீக்கிரம் தூவிட்டாங்க" என்றார். அந்தக் கசப்பு ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு அதுவரை பிடிபடவில்லை.

கைக்குழந்தைக்குப் புகை காட்டாதீர்கள், டாக்டர்கள் சொல்வது நியாயம். பெரியவர்கள் தலைக்குப் போடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, துண்டால் துவட்டி, ஈரம் முக்கால்வாசி போன பிறகு. சொட்டச் சொட்ட உட்கார்ந்தால் முடியில் நிற்காது. தூபக்காலை மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடி, முடியை மேலே விரித்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் பேசிக்கொண்டிருங்கள். மறுநாள் காலையில் தலையணையை முகர்ந்து பாருங்கள்.