மக்கள் தொடர்பு ஆலோசகரின் பணி வரையறை

ஒரு வேலையில் என்னென்ன செய்யப்படும், எவ்வளவு செய்யப்படும், எப்போது முடியும், எவையெல்லாம் அதில் சேராது என்பதை வேலை தொடங்குமுன் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்வதே பணி வரையறை. அலுவலகப் பேச்சில் 'ஸ்கோப்' என்று புழங்குவது இதுதான். கட்டடம் கட்டுவோரும் மென்பொருள் எழுதுவோரும் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். தனியொருவராகத் தொழில் நடத்தும் ஃப்ரீலான்ஸ் மக்கள் தொடர்பு ஆலோசகருக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எழுதுவதற்குக் கடினமாகவும் இருக்கிறது. இந்தத் தொழிலின் பலன் மூன்றாமவர் கையில் இருப்பதே காரணம்.

கல்யாணச் சமையலுக்கு ஒப்புக்கொள்பவர் எத்தனை இலை, என்னென்ன பதார்த்தம் என்று பேசி முடித்துவிட்டால், பந்தி பரிமாறுவது வரை எல்லாம் அவர் பொறுப்பில் நடக்கும். செய்திக்குறிப்பு எழுதும் ஆலோசகரின் பொறுப்போ அதை அனுப்பி நினைவூட்டுவதோடு நின்றுவிடுகிறது. அது அச்சேறுமா, எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில் என்பதைச் செய்தி ஆசிரியர் தீர்மானிக்கிறார். அன்று மாலை சென்னையில் பெருமழை பிடித்துக்கொண்டால், நேற்றுவரை இடம் உறுதி என்றிருந்த செய்தியும் வெளியே போய்விடும்.

ஆகவே, இந்தத் தொழிலில் பணி வரையறையின் முதல் விதி, செய்யப்போகும் வேலைக்கு மட்டும் உறுதி தருவது. 'ஐந்து நாளிதழ்களில் செய்தி வரும்' என்று எழுதுவது, பிறருக்குச் சொந்தமான பொருளை விற்பதாகும். இடம் நிச்சயம் வேண்டுமென்றால் அதற்கு விளம்பரம் இருக்கிறது. அதற்குக் கட்டணமும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய இடத்தைச் செய்திபோல் காட்டுவது 'பெய்டு நியூஸ்' என்னும் முறைகேடு. 2009 மக்களவைத் தேர்தலை ஒட்டி எழுந்த இத்தகைய புகார்களைப் பற்றி இந்திய பிரஸ் கவுன்சில் 2010இல் அறிக்கையே வெளியிட்டது. எத்தனை செய்திக்குறிப்புகள், எத்தனை நிருபர்களிடம் தொடர்பு, எத்தனை நேர்காணல் முயற்சிகள் என்ற அளவில் நிற்கும் வரையறை, ஆலோசகரை இந்தச் சரிவிலிருந்து காக்கிறது.

இந்த எல்லைக்கோடு தொழில் தோன்றிய நாளிலேயே போடப்பட்டுவிட்டது. 1906இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, சுரங்க முதலாளிகள் தரப்பில் பணியாற்றிய ஐவி லீ, பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கொள்கை அறிக்கை ஒன்றை அனுப்பினார். தம் அலுவலகம் ஒளிவுமறைவாக இயங்குவதல்ல, விளம்பர நிறுவனமும் அல்ல என்று அதில் அறிவித்தார். தாம் தரும் செய்தி விளம்பரப் பிரிவுக்குப் போகவேண்டியது என்று ஆசிரியர் கருதினால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்றார். சரிபார்க்க விரும்புவோருக்கு உதவுவதாகவும் சொன்னார். செய்வது எது, செய்யாதது எது, முடிவெடுப்பவர் யார் என்ற மூன்றையும் சில வாக்கியங்களில் அடக்கிய அந்த அறிக்கை, அளவில் சிறியதானாலும் முழுமையான ஒரு பணி வரையறை.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைப் பொதுமக்கள் அறிந்தது திரைப்படத்தின் வழியாக. எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கி 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குச் செய்தித் தொடர்பாளராக இருந்த பிலிம் நியூஸ் ஆனந்தனைத் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று குறிப்பிடுவது வழக்கம். இன்றும் படத்தின் பெயர் வரிசையில் 'மக்கள் தொடர்பு' என்று ஒரு பெயர் தவறாமல் வருகிறது. அப்பெயருக்கு உரியவர் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பல படங்களைக் கையாளும் ஃப்ரீலான்ஸ் தொழிலாளி. படப்பூஜை, ஃபர்ஸ்ட் லுக், இசை வெளியீட்டு விழா, பத்திரிகையாளர் காட்சி, வெற்றி விழா என்று அவர் வேலைக்குப் படிகள் உண்டு. ஆனால் எந்தப் படியில் தொடங்கி எந்தப் படியில் முடிகிறது? வெளியீடு ஆறு மாதம் தள்ளிப்போனால் கட்டணம் என்ன? சமூக ஊடக விளம்பரம் அவர் வேலையா, டிஜிட்டல் குழுவின் வேலையா? படம் ஓடிடிக்கு வரும்போது மறுபடியும் செய்தி அனுப்புவது யார்? வாய்ப்பேச்சில் விடப்படும் இந்தக் கேள்விகள்தாம் பிறகு மனக்கசப்பாகத் திரும்பி வருகின்றன.

நல்ல வரையறை ஒன்றன்பின் ஒன்றாகச் சில பகுதிகளைக் கடந்து செல்லும். முதலில் வருவது நோக்கம். 'நிறுவனத்தின் பெயரைப் பரப்புதல்' என்பதை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. கோவையில் சிறுதானிய உணவு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். புதிய கடைகளைத் திறக்கப்போவதை அந்தந்த ஊர் மக்கள் அறிய வேண்டுமா, முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டுமா, தானியம் விளைவிக்கும் உழவர்கள் நம்பிக்கை கொள்ள வேண்டுமா என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். உழவரை எட்ட வேண்டிய செய்தியை ஆங்கில வணிக நாளிதழுக்கு அனுப்பிப் பயனில்லை.

அடுத்தது வேலைகளின் பட்டியலும் அளவும். 'பிரஸ் மீட் நடத்துதல்' என்று இரண்டு சொல்லில் எழுதப்படுவதற்குள் பத்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அரங்கம் பார்ப்பது, அழைப்பு அனுப்புவது, ஒவ்வொரு நிருபரையும் தொலைபேசியில் நினைவூட்டுவது, பேசுபவரைக் கேள்விகளுக்குத் தயார்செய்வது, பிரஸ் கிட் உருவாக்குவது, வர இயலாத பத்திரிகைகளுக்கு அன்றே படத்துடன் குறிப்பு அனுப்புவது, மறுநாள் கிளிப்பிங் திரட்டுவது என்று அது நீளும். இவற்றில் எது ஆலோசகருடையது, எது வாடிக்கையாளருடையது என்று பிரித்து எழுதினால்தான் அரங்க வாடகையும் சிற்றுண்டிச் செலவும் யார் தலையில் விழும் என்பது தெளிவாகும்.

மொழியும் பதிப்பும் தமிழ்ச் சூழலில் தனிக் கவனம் பெற வேண்டியவை. தமிழ் நாளிதழ்கள் பல ஊர்களிலிருந்து வெவ்வேறு பதிப்புகளாக வருகின்றன. மதுரைப் பதிப்பில் வரும் உள்ளூர்ச் செய்தி சென்னைப் பதிப்பில் இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பைத் தமிழுக்குக் கொண்டுவருவது வரிக்கு வரி மாற்றும் வேலை அல்ல. தமிழ் நிருபருக்கு ஏற்ற தலைப்பு, உள்ளூர்த் தகவல், பெயர்களின் சரியான எழுத்து என்று எல்லாம் புதிதாக அமைய வேண்டும். எனவே எந்த மொழிகள், எந்த ஊர்ப் பதிப்புகள் என்பது வரையறையில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மொழியும் தனி வேலையாகக் கணக்கிடப்பட வேண்டும்.

மூன்றாவது, ஒப்புதலும் திருத்தமும். குடும்ப நிறுவனங்களில் முதலாளி ஒன்று சொல்வார், மகன் வேறொன்று சொல்வார், ஆடிட்டர் வந்து இரண்டையும் அடித்துவிடுவார். ஒப்புதல் தரும் அதிகாரம் ஒருவருக்கே, திருத்தம் இரண்டு சுற்று மட்டுமே, பதில் இத்தனை நாளுக்குள் என்ற மூன்று வரிகள் பல வாரங்களைக் காப்பாற்றும். வாடிக்கையாளரின் கடமைகளும் இங்கேயே வர வேண்டும். நிருபர் கேள்வி கேட்டால் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் பதில் தருவது, பேச ஒருவரை ஒதுக்குவது, தகவல்களின் உண்மைக்குப் பொறுப்பேற்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

நான்காவது, சேராதவற்றின் பட்டியல். வரையறை எழுதுவோரின் அனுபவம் தெரிவது இங்கேதான். முகநூல் பக்கத்தை நடத்துவது, இணையதளத்துக்கு எழுதுவது, விளம்பர இடம் வாங்குவது, புகைப்படக்காரர் கூலி, ஆண்டு விழா மேடை ஏற்பாடு ஆகியவை 'பி.ஆர். தானே' என்ற பெயரில் ஒவ்வொன்றாக உள்ளே நுழைபவை. நெருக்கடிக் காலப் பணி இவை எல்லாவற்றிலும் பெரியது. உணவில் கலப்படம் என்று ஒரு காணொளி இரவில் பரவினால், அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு ஆலோசகருக்குத் தூக்கம் கிடையாது. அதை மாதக் கட்டணத்துக்குள் அடக்குவது நியாயமாகாது. நெருக்கடிப் பணிக்குத் தனிக் கட்டணம், தனித் தொடர்பு எண், தனி ஒப்புதல் முறை என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

கட்டணம் பணியின் வடிவத்தைத் தொடர்ந்து வருகிறது. கடைத் திறப்பு, நூல் வெளியீடு போல முடிவு நாள் உள்ளவற்றுக்கு மொத்தத் தொகை பொருந்தும். தொடர்ச்சியான வேலைக்கு 'ரிடெய்னர்' என்னும் மாதக் கட்டணம் உகந்தது. ஆனால் அளவில்லாத ரிடெய்னர் ஃப்ரீலான்ஸ் தொழிலாளியைச் சம்பளமில்லாத ஊழியராக்கிவிடும். மாதத்துக்கு எத்தனை மணி நேரம், மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகுமா, கூடுதல் மணிக்கு என்ன விலை என்பவை அதனுடன் சேர்ந்தே வர வேண்டும்.

ஐந்தாவது, அளவீடு. செய்தி வந்த இடத்தைச் சென்டிமீட்டரில் அளந்து விளம்பர விலையால் பெருக்கி, 'இத்தனை லட்சம் மதிப்பு' என்று காட்டுவது பழைய வழக்கம். இந்தத் தொழிலின் மதிப்பீட்டு அமைப்பான ஏமெக், 2010இல் பார்சிலோனாவில் வகுத்த நெறிகள், விளம்பரத்துக்கு ஈடான அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று தெளிவாகச் சொல்கின்றன. செய்தியில் முக்கியக் கருத்து இடம்பெற்றதா, சரியான வாசகரை எட்டியதா, விசாரிப்புகள் கூடினவா என்பவையே பயனுள்ள அளவுகள். எதை அளப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதவில்லையென்றால், பழைய கணக்கே கடைசி நாளில் எட்டிப்பார்க்கும்.

எழுத்துக்குச் சட்ட மதிப்பும் உண்டு. பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தனித்து எழுதுபவரின் எழுத்துக்கு அவரே பொதுவாக முதல் உரிமையாளர். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்கே செல்லும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்னும் அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலருக்கு, எழுத்து உடன்பாட்டில் அதிக நாள் குறித்திருந்தாலும், வேலை ஏற்கப்பட்ட 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். வேலை எப்போது 'ஏற்கப்பட்டது' என்பதை வரையறை சொன்னால் அந்த 45 நாளை எண்ணுவதில் தகராறு வராது. நியூயார்க் நகரம் ஒரு படி மேலே சென்று, 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம், 800 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் பணிப் பட்டியலுடன் கூடிய எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இத்தனை கட்டுகளும் வேலையை இறுக்கிவிடக் கூடாது. செய்தி உலகம் நாள்தோறும் மாறுவது. வாசல்படியில் வந்து நிற்கும் நல்ல வாய்ப்பை 'பட்டியலில் இல்லை' என்று ஆலோசகர் தள்ளினால் அந்த ஆவணத்தால் இருவருக்கும் நட்டம். அதனால் தேர்ந்த வரையறையில் மாற்றத்துக்கும் ஒரு வழி இருக்கும். புதிய வேலை என்ன, அதற்குக் கூடுதல் கட்டணமா அல்லது பழைய வேலை ஒன்றுக்கு மாற்றா என்று ஒரு சிறு மின்னஞ்சல், அதற்கு மறுதரப்பின் சம்மதம், இவை போதும். இரு தரப்பும் சேர்ந்து ஒப்பந்தத்தைத் திருத்திக்கொள்ள மேற்சொன்ன ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஒரு பணி வரையறையின் தரத்தை அதன் பக்க எண்ணிக்கையால் எடைபோட முடியாது. பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, கடைசி நாளில் வேலை முடிந்ததா இல்லையா என்று கேட்டால், அவர் அதை மட்டும் படித்துப் பதில் சொல்ல முடிய வேண்டும். செய்தி ஆசிரியரின் முடிவை விலைபேசாமல், ஆலோசகரின் உழைப்பை விட்டுவிடாமல், வாடிக்கையாளரின் கடமையை மறைக்காமல் அந்தப் பதிலைத் தருகிற இரண்டு பக்கமே இத்தொழிலுக்குப் போதுமானது.