மத்தியஸ்தம் வேண்டாம், கூட வாருங்கள்

நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே! இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் உங்களுக்குத்தான்.

நம் மலாக்கா பத்து பெரண்டாமில் ஒரு பெண் புருஷனிடம் அடிபட்டால் முதலில் எங்கே போகிறாள்? போலீசுக்குப் போவதில்லை. அம்மா வீட்டுக்குப் போகிறாள்; அம்மா அழுதுவிட்டுத் திருப்பி அனுப்புகிறாள். அடுத்தது கோவில். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கூட்டம் கலைந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை போடுவார்கள். அவன் குளித்து, விபூதி பூசி, நல்ல பிள்ளையாக வருவான். "இனிமே கை ஓங்க மாட்டேன்" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். பெரியவர் ஒருவர் அவள் பக்கம் திரும்பி, "நீயும் கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கோம்மா" என்பார். தேத்தண்ணி வரும். விஷயம் முடிந்தது.

மேசை போட்டவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் அன்று ராத்திரி அவள் அவனோடு, அதே காரில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சபையில் என் மானத்தைக் கெடுத்துவிட்டாயே என்று அவன் ஆரம்பித்த பிறகு அந்தக் காருக்குள் என்ன நடந்தது? கோவில் நிர்வாகத்தில் யாரும் கேட்டதில்லை. அடுத்த முறை அடி விழும்போது அவள் கோவிலுக்கும் வர மாட்டாள்.

இப்படிப் பேசி முடித்துவைக்கும் பழக்கம் தோட்டத்திலிருந்து நம்மோடு வந்தது. அங்கே லயத்து வீடுகளுக்கு நடுவில் வெறும் பலகைச் சுவர். ஒரு வீட்டில் விழுந்த அடி நாலு வீட்டுக்குக் கேட்கும். கங்காணியோ மண்டோரோ வந்து அதட்டுவார், அதோடு சரி. கள்ளுக்கடையை வைத்ததே தோட்ட நிர்வாகம்தான் என்பதால் குடித்துவிட்டு அடிப்பதைத் தடுக்க வெள்ளைக்கார துரைக்கு அக்கறை இல்லை. 1947-ல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தபோது பெண்களும் சேர்ந்து நின்றார்கள் என்றால், காரணம் அவரவர் வீட்டுக்குள் இருந்தது. இப்போது தாமான் குடியிருப்பில் கல்வீடு, இரும்பு கிரில். பக்கத்து வீட்டுக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறோம்.

குடிதான் காரணம் என்று உடனே சொல்வீர்கள். குடித்தவன் தொழிற்சாலையில் சூப்பர்வைசரை அடிக்கிறானா? போலீஸ்காரரை அடிக்கிறானா? ஆளைப் பார்த்துத்தான் அந்தக் கை ஓங்குகிறது.

சட்டம் இருக்கிறது. பெண்கள் அமைப்புகள் 1985-ல் ஒன்றுகூடிப் போராடத் தொடங்கின. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறியது, 1996-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 2018-லிருந்து அதில் ஒரு புது வழி உண்டு. இது இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியாது. சமூகநல இலாகா அதிகாரியிடம் விண்ணப்பித்தால் 2 மணி நேரத்துக்குள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். 7 நாள் செல்லும். கோர்ட் ஏற வேண்டாம், முதலில் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும் என்பதும் இல்லை. "நான் போனா அவரை ஜெயில்ல போட்டுடுவாங்களா அக்கா?" என்று உதவி தேடி எங்களிடம் வரும் பெண்களில் பாதிப்பேர் கேட்கிறார்கள். பாதுகாப்பு உத்தரவு விவாகரத்தும் இல்லை, சிறைத் தண்டனையும் இல்லை. அடிக்காதே, அவள் தங்கியிருக்கும் இடத்துக்கு வராதே என்கிற உத்தரவு. அதை மீறினால் குற்றம்.

இன்னொன்று. "கோவில்லதான் தாலி கட்டுனோம், பதிவு பண்ணல, எனக்கு இந்தச் சட்டம் செல்லாது" என்று நினைத்து எத்தனை பேர் வாயடைத்துக் கிடக்கிறார்கள்! செல்லும். சமயச் சடங்குப்படி திருமணம் செய்து, பதிவு செய்யாமல் விட்டவர்களையும் இந்தச் சட்டம் மனைவி என்றே ஏற்கிறது. சொத்துக்கும் விவாகரத்துக்கும் பதிவு முக்கியம், அதை மறக்காதீர்கள். ஆனால் அடியிலிருந்து தப்பிக்க அது தடை இல்லை.

சட்டம் இருந்தாலும் துணை வேண்டும். ஃப்ரீ டிரேட் சோன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. அவளுடைய ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பேங்க் புத்தகம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில், அதன்மேல் ஒட்டிய அரிசித் தூளோடு இருந்தன. அரிசி டின்னுக்கு அடியில் பல மாதமாக ஒளித்து வைத்திருக்கிறாள். தயாராகத்தான் இருந்திருக்கிறாள். கூட வர ஓர் ஆள் இல்லை.

போய்த் தங்க இடமும் வேண்டும். நாட்டின் முதல் பெண்கள் புகலிடம் 1982-ல் தொடங்கியது. டபிள்யூ.ஏ.ஓ. என்று நாம் சொல்லும் பெண்கள் உதவி அமைப்பு நடத்துவது. அதற்கு விதை போட்டது நம் மலாக்காவில் பிறந்த துன் டான் சியூ சின். முன்னாள் நிதியமைச்சர், தமக்குக் கிடைத்த 30,000 ரிங்கிட் பரிசுப் பணத்தைப் புகலிடம் தொடங்கக் கொடுத்தார். நாமோ கும்பாபிஷேக வசூலில் நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். வெட்டுவோம், அதை நான் குறை சொல்லவில்லை; புகலிடத்துக்கும் கொஞ்சம் கொடுப்போம் என்கிறேன்.

நம்மைப் போலவே குடும்ப மானம் பார்க்கும் சமூகம் இங்கிலாந்தில் இருக்கும் யூதர்கள். வீட்டுச் சண்டையென்றால் மதகுருவிடம் போவது அங்கேயும் வழக்கம். அவர்களுடைய ஜூவிஷ் விமன்ஸ் எய்ட் தங்கள் பெண்களுக்கென்றே புகலிடம் நடத்துகிறது. அவர்கள் உணவு முறைப்படி சமைக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் வீட்டிலும் விளக்கேற்றுகிறார்கள். "புகலிடத்துக்குப் போனா வெள்ளிக்கிழமை சைவமா சாப்பிட முடியுமா, சாமி விளக்கு வைக்கலாமா?" என்று நம் பெண்ணும் கேட்கிறாள். இது அற்பக் கேள்வி என்று யாரும் சிரிக்காதீர்கள். இதற்குப் பதில் இல்லாததாலேயே திரும்பிப் போனவர்கள் உண்டு.

கோவில் நிர்வாகத்தாரே, இனி அந்த மேசையைப் போடாதீர்கள். அறிவிப்புப் பலகையில் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999-ஐப் பெரிதாக எழுதுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். புருஷன் பக்கத்தில் நிற்காத இடம் அது ஒன்றுதான். ராத்திரியில் அழைப்பு வந்தால் காரெடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ அவளோடு போக நாலு பேர் வேண்டும். இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். போய் நியாயம் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். செயலாளர் வாசலில் நோட்டோடு நிற்கிறார். பெயர் கொடுப்பவர்கள் ராத்திரியில் கைப்பேசியை அணைத்து வைக்கக் கூடாது.