பேட்டியில் கேட்கத் தக்கவை

உத்தியோகப் பேட்டிக்கு வந்தவரை, "தகப்பனார் என்ன செய்கிறார்? பூர்வீகம் எது?" என்று விசாரிப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். பெண்ணாயின், "திருமணம் எப்போது?" என்பதும் தொடரும். பரிவுடன் கேட்பதாகவே நாம் எண்ணுகிறோம். ஆயினும், இவ்விடைகளால் வெளிப்படுவது குடும்பச் செல்வாக்கேயன்றி வேலைத் திறன் அன்று.

இத்தகைய கேள்விகள் வழக்குமன்றம் வரை சென்றதுண்டு. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிலக்கு, கருவுற்ற விவரங்களை எழுதி வாங்கியது. மகப்பேற்று விடுப்புக்குப் பின் நீக்கப்பட்ட ஒரு பெண்மணியின் வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. அக்கேள்விகளை அகற்றுதல் நன்று என்றும் அறிவுறுத்தியது. மத்திய அரசில் எழுத்தர் முதலிய பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கைவிடப்பட்டது.

பேட்டி இன்றியமையாத இடங்களில் நாம் எவற்றைக் கேட்கலாம்? கணக்கர் வேலையாயின், பிழையுள்ள கணக்குத் தாளொன்றைத் தந்து திருத்தச் சொல்லலாம். "முன்பு நேர்ந்த தவறொன்றை எவ்வாறு சரிசெய்தீர்கள்?" என்று வினவலாம். வந்தோர் அனைவருக்கும் கேள்விகளும் அளவுகோலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

நேயர்களே, முதலில் வேலையைப் பற்றிக் கேட்போம். வீட்டுச் சேதிகளை, வேலை கொடுத்த பின்னர் அவரே விரும்பிச் சொன்னால் கேட்டு மகிழ்வோம்.