எண் மாறினால் நிரலை மாற்ற வேண்டுமா?



வெங்காய விலை ஏறினால் மளிகைக் கடைக்காரர் தராசை மாற்றுவதில்லை. விலைப் பலகையிலுள்ள எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுகிறார். கணினி நிரல் எழுதும் நம் பிள்ளைகளுக்கும் இந்த வழக்கம் தேவை. நிரல் என்பது, கணினி செய்யவேண்டிய வேலையை வரிவரியாக எழுதி வைக்கும் கட்டளைத் தொகுப்பு.

கிள்ளானில் படித்த ஒரு மாணவி, தோட்டத்தில் வேலை செய்யும் தந்தையின் சம்பளச் சீட்டைச் சரிபார்க்க, 2021ஆம் ஆண்டில் ஒரு சிறு நிரல் எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஊழியர் சேமநிதிக்காகத் தொழிலாளியிடம் பிடிக்கப்பட்ட விகிதம் 9 விழுக்காடு. அந்த 9 என்ற எண்ணை அவள் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டாள். பிறகு வேலை கிடைத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபோனாள். நிரல் வீட்டுக் கணினியிலேயே தங்கிவிட்டது.

2022 ஜூலை முதல் விகிதம் மீண்டும் 11 விழுக்காடு ஆயிற்று. 2025 பிப்ரவரி முதல், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. தந்தை நிரலில் 1,700 என்று எழுதிப் பார்க்கிறார். பிடித்தம் 153 வெள்ளி என்கிறது கணினி. சீட்டிலோ 187 வெள்ளி! 34 வெள்ளியை அதிகமாகப் பிடித்துவிட்டார்கள் என்று கிராணியாரிடம் சண்டைக்குப் போகமாட்டாரா? கிராணியார் கணக்கு சரி. பழைய எண்தான் பிழை. இப்படி ஒருமுறை தவறாகக் குற்றம் சாட்டிவிட்டால், பிறகு உண்மையாகவே குறை நேரும்போது நம் சொல் எடுபடுமா?

இந்த விகிதம் பலமுறை மாறியிருக்கிறது. 2016 மார்ச் முதல் 2017 இறுதிவரை 8 விழுக்காடு. 2020 ஏப்ரல் முதல் டிசம்பர்வரை 7. 2021 தொடக்கம் முதல் 2022 ஜூன்வரை 9. அந்தக் காலங்களிலும் விரும்பியவர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்து 11 விழுக்காடே கட்டலாம். 60 வயது கடந்த குடிமக்களுக்கோ 2019 முதல் கட்டாயப் பிடித்தமே இல்லை. ஆகவே ஒரே வீட்டில் இருவருக்கு இரு வேறு எண்கள் இருக்கக்கூடும்.

இதற்கு வழி என்ன? மாறாத கணக்கு முறை நிரலுக்குள் இருக்கட்டும். மாறக்கூடிய எண்களைத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். இதற்கு அமைப்புக் கோப்பு என்று பெயர். அது வெறும் எழுத்துக் கோப்புதான். ஒரு வரியில் "அப்பா = 11", அடுத்த வரியில் "தாத்தா = 0" என்று எழுதினால் போதும். நிரல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இந்தக் கோப்பைப் படித்து, அதிலுள்ள எண்ணைக் கொண்டு கணக்கிடும். பைத்தன் போன்ற மொழிகளில் இப்படிப் படிப்பதற்கான பகுதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. விகிதம் மாறும்போது நிரல் தெரியாத தாயோ தந்தையோ ஓர் எண்ணைத் திருத்திச் சேமித்தால் வேலை முடிந்தது. எழுதிய மகள் ஊரிலிருந்து வரவேண்டியதில்லை.

நிரல் எழுதும் பிள்ளைகளே, சில விதிகளை மறக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கு மேலும் # குறியிட்டு, "2022 ஜூலை முதல்" என்பதுபோல் விளக்கம் எழுதுங்கள்; அந்த வரியை நிரல் கணக்கில் எடுக்காது, மனிதர் படித்துக்கொள்வார். எண் இருக்கவேண்டிய இடத்தில் வேறெதுவும் இருந்தால், எந்த வரியில் பிழை என்பதைத் தமிழிலேயே நிரல் சொல்லட்டும். கோப்பு காணாமற்போனால் பழைய எண்ணை வைத்து ஒப்பேற்றிவிடக் கூடாது. எழுத்தின் அளவு, நிறம் போன்றவற்றுக்கு அப்படிச் செய்யலாம்; பணக் கணக்கில் நிரல் நின்று, கோப்பைக் கேட்க வேண்டும். திருத்துமுன் ஒரு நகல் எடுத்து வைப்பதும் நல்லது.

இன்னொன்று. சேமநிதி வாரியத்தின் மூன்றாம் அட்டவணை, சம்பளத்தைப் படிபடியாகப் பிரித்துப் பிடித்தத்தைக் கூறுகிறது. அதனால் சில சம்பளங்களுக்கு நம் கணக்கிலிருந்து சில வெள்ளி வேறுபடலாம். அட்டவணையில் உள்ளதே முடிவானது.

இன்று மாலை சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிடித்தம் எத்தனை விழுக்காடு என்று பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். அந்த எண்தான் கோப்பில் எழுதவேண்டிய முதல் வரி.